நாலு ஆடும் நிற்க ஒரு இடமும்

ஏழாம் வகுப்பில் ஒரு கணக்கைத் தப்பாய்ப் போட்டேன். வாத்தியார் நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, “நீயெல்லாம் ஆடு மேய்க்கத்தாண்டா லாயக்கு” என்றார். வகுப்பே சிரித்தது. வேறு பையனைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அது வெறும் திட்டு. என்னைப் பார்த்துச் சொன்னதால் அது என் வீட்டு விலாசம். அன்றைக்குக் காலையில்கூட ஆட்டுக்குக் கொழை ஒடித்துப் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போயிருந்தேன். சட்டையில் ஆட்டு வாடை இருந்திருக்கும்.

சாயங்காலம் ஆத்தாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். தொரட்டியைச் சுவரில் சாத்திவிட்டு ஆத்தா கேட்டுச்சு: “யாரு ஆட்டன்னு அவருகிட்டக் கேட்டியா?”

எனக்கு அப்போது விளங்கவில்லை. ஆடு மேய்க்கிறவன் என்றால் மட்டம், அதில் யார் ஆடு என்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இன்றைக்குச் சுற்றுச்சூழல் கூட்டங்களுக்கும் போகிறேன், தலித் கூட்டங்களுக்கும் போகிறேன். முதல் கூட்டத்தில் ஆடு இயற்கைக்கு எதிரி என்கிறார்கள். இரண்டாவது கூட்டத்தில் ஆடு நம் விடுதலைக்கு எதிரி என்கிறார்கள். ரெண்டு இடத்திலும் ஆத்தாவின் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

புதுமடம் மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கிற ஊர். உச்சிப்புளியில் இறங்கித் தெற்கே கடலைப் பார்த்து வரவேண்டும். கடலோரம் மீன்பிடிக்கிற குடும்பங்கள், முஸ்லிம் தெருக்கள், தென்னந்தோப்புகள், பனங்காடு. எங்கள் குடியிருப்பு ஊரைவிட்டுத் தள்ளி, பனங்காட்டுக்கும் உடங்காட்டுக்கும் நடுவில். கடலுக்குப் போக வள்ளம் வேண்டும், வெள்ளாமைக்கு நிலம் வேண்டும். ரெண்டும் இல்லாத நாங்கள் தேங்காய் உரிக்கவும் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சவும் கரிமூட்டம் போடவும் போனோம். இதில் எதுவும் எங்களுடையது இல்லை. ஆடு மட்டும் எங்களுடையது.

அதுவும் சும்மா வந்ததில்லை. என் அப்பத்தாவின் புருசன், அதாவது என் பாட்டன், உள்நாட்டுப் பக்கம் ஒரு பண்ணையில் மாடு மேய்த்தவர். ஏழு வயதில் மேய்க்கப் போனவர் சாகிறவரைக்கும் மேய்த்தார். மாடு உயிரோடு இருந்தால் பண்ணையுடையது, செத்தால் எங்களுடையது. தூக்கிப் போடவேண்டியது எங்கள் கடமை. இதை எதிர்த்துத்தான் 1927ல் மகாத்தில் அம்பேத்கர், செத்த மாட்டைத் தூக்காதே, அதைத் தின்னாதே என்று நம் சனங்களைக் கேட்டுக்கொண்டார். இராமநாதபுரத்தில் நடந்ததைப் பாருங்கள். 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 ஜூனில் அது பதினொன்றானது. அந்த வருசத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை ஏற்ற ஹட்டன் தன் புத்தகத்தில் இவற்றை எழுதி வைத்திருக்கிறார். நகை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது என்பதை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பட்டியலில் உறுத்துவது வேறு வரிகள். ஆதிதிராவிடர் பிள்ளைகள் எழுத்துப் படிக்கக்கூடாது. அந்தப் பிள்ளைகளை மிராசுதாரர்களின் மாடு மேய்க்க மட்டும் விடவேண்டும். சொந்த நிலம் இருந்தால் அதை மிராசுதாரருக்கு மலிவாக விற்றுவிட வேண்டும்.

கவனியுங்கள். மேய்க்காதே என்று அவர்கள் சொல்லவில்லை. எங்கள் மாட்டை மேய் என்றார்கள். மேய்ப்பது இழிவான வேலை என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள்தான், அந்த வேலையைத் தவிர வேறு எதையும் செய்யாதே என்றும் சொன்னார்கள். வாத்தியார் வாயிலிருந்து வந்தது அவருடைய சொந்தச் சொல் அல்ல. 1931ல் எழுதிய வரி, அறுபது வருசம் கழித்து ஒரு கணக்கு வகுப்பில் வந்து விழுந்தது.

பாட்டன் செத்த பிறகு அப்பத்தா ரெண்டு பிள்ளைகளோடு கடற்கரைப் பக்கம் வந்துவிட்டது. ஒரு தோப்பு வீட்டில் முற்றம் கூட்டியது. அந்த வீட்டு அம்மா, மரைக்காயர் வீட்டுப் பொம்பளை, ஒரு பெட்டை ஆட்டை வாரத்துக்குக் கொடுத்தது. வாரம் என்றால் வளர்க்கிறது நாம், பிறக்கிற குட்டியில் பாதி அவர்களுக்கு, பாதி நமக்கு. முதல் ஈத்தில் ரெண்டு குட்டி. ஒன்று தோப்பு வீட்டுக்குப் போனது, ஒன்று எங்களுக்கு. எங்கள் வம்சத்தில் ஒரு உயிருள்ள சொத்தை “எங்களது” என்று சொன்ன முதல் நாள் அது. அந்தக் குட்டியை அப்பத்தா கொடாப்புக்குள் விடாமல் ஒரு வாரம் தன் பக்கத்திலேயே படுக்க வைத்திருந்ததாம்.

ஆடு எப்படிப்பட்ட சொத்து என்பதை நிலம் வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அதற்குப் பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது, தாசில்தார் கையெழுத்து கிடையாது. ராத்திரி ஓடவேண்டி வந்தால் கூடவே ஓடி வரும். சாதிக் கலவரத்தில் குடிசையைக் கொளுத்துவார்கள். ஓலை எரிந்தால் போச்சு. ஆட்டை அவிழ்த்துவிட்டால் அது தன் காலில் தப்பிக்கும். ஆஸ்பத்திரிச் செலவா, ஒரு கிடாய். கல்யாணமா, ரெண்டு கிடாய். நான் பத்தாவது முடித்து வெளியூர் விடுதியில் சேரும்போது பெட்டி, தட்டு, போர்வை எல்லாம் ஒரு கறுப்புக் கிடாயின் விலை. ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பானி கொடுக்க முஸ்லிம் வீடுகளில் ஊனமில்லாத கிடாயாகத் தேடுவார்கள். காது கிழியாமல், கொம்பு முறியாமல், கண்ணில் பழுதில்லாமல் வளர்த்து வைத்திருந்தால் நல்ல விலை. ஆத்தா அந்தக் கிடாயை முள்ளுக்காட்டுக்குள் விடாது. கையில் வைத்துத் தீனி கொடுக்கும். என் காதைக்கூட அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்று நான் கேலி செய்வேன்.

எங்கள் சீமையில் ஆட்டுக்குத் தீனி வருசம் முழுக்க ஒரே இடத்தில் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மணலில்கூடப் புல் தலைகாட்டும். தை முடிந்தால் அது காய்ந்துவிடும். பிறகு தொரட்டிதான்: பூவரசு, வேம்பு, வாகை என்று கொழை ஒடிக்க வேண்டும். கோடையில் ஒரு பச்சையும் இல்லாதபோது காப்பாற்றுவது நெத்து. குடை விரித்த மாதிரி நிற்கிற உடைமரத்து நெத்து, நாட்டுக் கருவேல நெத்து, எல்லோரும் வைகிற சீமைக் கருவேல நெத்து. சாக்கில் பொறுக்கி வைத்துக்கொள்வோம். அதனால் ஆடு வளர்ப்பது என்றால் நாலைந்து இடத்துக்குப் போக வழி இருக்கவேண்டும். அந்த இடங்களில் ஒன்றுகூட எங்கள் பேரில் இல்லை. ஒன்று தோப்புக்காரர் தயவு, ஒன்று புறம்போக்கு, ஒன்று கண்மாய்க்கரை, ஒன்று யாருடையது என்றே தெரியாத உடங்காடு. ஆடு எங்களுடையது. ஆடு நிற்கிற மண் எங்களுடையது இல்லை. எங்கள் பொருளாதாரத்தின் முழுச் சிக்கலும் இந்த ரெண்டு வாக்கியத்துக்கு நடுவில் இருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் ஒருநாள் ஆத்தாவின் ஆடுகள் புதிதாகக் கம்பி வேலி போட்ட ஒரு இடத்துக்குள் நுழைந்துவிட்டன. முந்தின வருசம்வரை நாங்கள் மேய்த்த இடம். சவுக்குக் கன்று நட்டிருந்தார்கள். காவலாள் ஆறு ஆட்டையும் ஓட்டிக்கொண்டுபோய்ப் பவுண்டில் அடைத்துவிட்டார். அதில் ஒன்று பால் கொடுக்கிற ஆடு. குட்டிகள் வீட்டில் கொடாப்புக்குள் கிடந்து கத்துகின்றன, அங்கே தாய் மடி கட்டிப்போய்க் கத்துகிறது. அபராதம் கட்டப் பணமில்லை. ராத்திரி முழுக்கக் கருப்பட்டித் தண்ணியைத் துணியில் நனைத்துக் குட்டி வாயில் வைத்தோம். மறுநாள் கடன் வாங்கிக் கட்டி மீட்டோம். அபராதத்தைவிட வட்டி அதிகமாய்ப் போனது.

அந்த ஆள் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். “இது பாதுகாக்கப்பட்ட எடம்மா, நான் என்ன செய்ய?” என்றார். ஆத்தா திருப்பிக் கேட்டுச்சு: “யாருகிட்ட இருந்து பாதுகாக்குறீக?”

இந்தக் கேள்வியைத்தான் நம் அறிவாளிகள் முன்னால் வைக்கிறேன். காப்பு என்றால் ஒருத்தரை உள்ளே வைத்து ஒருத்தரை வெளியே நிறுத்துவது. சேரிக்காரனுக்கு இந்தச் சொல் புதிதல்ல. கோயிலைக் காத்தார்கள், குளத்தைக் காத்தார்கள், அக்கிரகாரத்துத் தெருவைக் காத்தார்கள். ஒவ்வொரு காப்பிலும் வெளியே நின்றவன் யாரென்று நமக்குத் தெரியும். ஆடு வாய் வைத்த செடி தழைக்காது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நாங்கள் தொட்ட தண்ணீர் தீட்டு என்று சொன்ன அதே வாய்தான் அது. ஆடு கடித்த பூவரசு மறு மழைக்குத் தழைத்ததை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

சட்டங்களைப் பாருங்கள். கால்நடை அத்துமீறல் சட்டம் வந்தது 1871ல். மேய்கிற மிருகத்தைப் பிடித்துப் பவுண்டில் அடைக்க அது வழி செய்தது. அதே 1871ல்தான் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டமும் கொண்டுவந்தான். அலைகிற மிருகத்துக்கு ஒன்று, அலைகிற மனுசனுக்கு ஒன்று. நின்ற இடத்தில் நில், இல்லையென்றால் அடைப்பேன் என்பதுதான் ரெண்டுக்கும் அடிப்படை. நிற்பதற்கு இடம் உள்ளவனுக்கு இந்தச் சட்டத்தால் ஒரு தொந்தரவும் இல்லை.

எங்கள் கரைக்கு முன்னால் இருக்கிற 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 1989ல் 10,500 சதுர கிலோமீட்டரை மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் என்றார்கள். 2001ல் யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்தது. பவளப்பாறையும் கடற்பசுவும் அழியக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உயிர்க்கோளக் காப்பகம் என்ற யோசனையே மனுசரையும் உள்ளே வைத்து யோசிப்பது. கரையோரத்தில் குழுக்கள் அமைத்தார்கள், சுழல்நிதிக் கடன் கொடுத்தார்கள், மாற்றுத் தொழில் என்றார்கள். மாற்றுத் தொழில் என்பது ஏற்கெனவே ஒரு தொழில் உள்ளவனுக்கு. கடலிலும் இல்லாமல் நிலத்திலும் இல்லாமல் நடுவில் ஆறு ஆட்டோடு நிற்கிற பொம்பளை எந்தத் தலைப்பின் கீழ் வருவாள்?

2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை உரிமை என்று ஒத்துக்கொள்கிறது. நல்லது. ஆனால் பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறையாக, 75 வருசமாக அங்கே வாழ்ந்ததைக் காட்டவேண்டும். பண்ணையை விட்டு ஓடிவந்தவள் எந்தக் காகிதத்தைக் காட்டுவாள்? 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் முழுக்க மேய்ச்சலுக்குத் தடை போட்டது. மலைமாடு வளர்க்கிறவர்கள் கொதித்தார்கள். அதே மாதம் அந்தத் தடை சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கப்பட்டது. மலைமாட்டுக்காக ஒரு சமூகம் தெருவில் வந்து நின்றது. சேரி ஆட்டுக்காக யார் நிற்பார்கள்? அதற்கு வீர வரலாறு கிடையாது, ஜல்லிக்கட்டு கிடையாது.

ஆடு ஒரு பாவமும் செய்யாத பிராணி என்று நான் வாதாட வரவில்லை. இளங்கன்றை அது மொட்டையடிக்கும். சீமைக் கருவேல நெத்தைத் தின்று விதையைப் புழுக்கையோடு ஊரெல்லாம் போடும். இந்த மரம் இராமநாதபுரத்தை மூடியதில் ஆட்டுக்கும் பங்கு உண்டு. ஆத்தா மழை பெய்த முதல் ஒரு மாதம் உடங்காட்டுக்குள் ஆட்டை விடாது. “மொளைக்கட்டும், அது வளந்தாத்தான நமக்கு” என்னும். யாரும் அதற்குப் பயிற்சி முகாம் நடத்தவில்லை. அன்றாடம் அதை நம்பிப் பிழைக்கிறவளுக்கு இருக்கிற கணக்கு அது. ஆனால் உரிமை இல்லாத இடத்தில் அந்தக் கணக்கு நிலைக்காது. நாளைக்கு வேலி விழும் என்று தெரிந்தால் இன்றைக்கே மேய்த்துவிடத்தான் தோன்றும். வேலி போடுகிறவர்கள்தான் வெறித்தனமான மேய்ச்சலை உண்டாக்குகிறார்கள்.

மேய்ச்சலை நிறுத்தினால் இயற்கை தானாகச் செழிக்கும் என்பதும் எப்போதும் உண்மையில்லை. ராஜஸ்தானில் பரத்பூர் பறவைச் சரணாலயத்தைத் தேசியப் பூங்கா ஆக்கி 1982ல் எருமை மேய்ச்சலைத் தடுத்தார்கள். எதிர்த்த கிராமத்துக்காரர்கள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். பிறகு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல வருசம் ஆராய்ந்து பார்த்தது. எருமை தின்னாததால் புல் மண்டித் தண்ணீரை மூடி, நீர்ப்பறவைகளுக்கே இடைஞ்சலாகிப் போயிருந்தது. செத்தவர்கள் திரும்பி வரவில்லை. இங்கிலாந்தில் ஏரி மாவட்டம் என்று ஒரு தேசியப் பூங்கா. அங்கே மலையெல்லாம் செம்மறி. நூற்றாண்டுகளாக ஆடு மேய்ந்து உண்டான நிலப்பரப்பு என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லித்தான் 2017ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. சின்னச் சின்னப் பண்ணைக்காரர்கள் தொழிலை விட்டுவிடக்கூடாது என்று அரசாங்கம் பணம் கொடுக்கிறது. ஆடு அதிகமாகிவிட்டது என்று அங்கேயும் சண்டை நடக்கிறது. ஆனால் அந்தச் சண்டையில் மேய்க்கிறவனுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் ஊரில் ஆடு மேய்ப்பவன் நிலப்பரப்பின் காவலன். அவன் இங்கே விட்டுப்போன சட்டத்தில் ஆடு மேய்ப்பவள் அத்துமீறியவள்.

நம் அரசாங்கமும் ஆடு கொடுத்தது. 2011 செப்டம்பர் 15ல் விலையில்லா ஆடு திட்டம் தொடங்கியது. குடும்பத்துக்கு நாலு ஆடு, ஐந்து வருசத்தில் ஏழு லட்சம் குடும்பம் என்று அறிவித்தார்கள். தேதியை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு நாலு நாள் முன்னால், செப்டம்பர் 11ல், இதே இராமநாதபுரம் மாவட்டம் பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாளுக்கு வந்த தலித்துகள்மேல் போலீஸ் சுட்டு ஆறு பேர் செத்தார்கள். எங்கள் தெருவில் அந்த வருசம் இழவும் ஆடும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன.

என் சின்னாத்தாவுக்கு நாலு ஆடு கிடைத்தது. ஆத்தாவுக்கு இல்லை, ஏற்கெனவே ஆடு வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது. நிலமில்லாத கூலியாக இருக்கவேண்டும் என்பது ஒரு தகுதி. சரியான தகுதிதான், ஆனால் யோசித்துப் பாருங்கள்: நிலமில்லை என்பதற்காக ஆட்டைக் கொடுக்கிறோம், ஆட்டை எங்கே நிறுத்துவாள் என்று கேட்கமாட்டோம். ரெண்டு ஆடு அடைமழையில் சளி பிடித்துச் செத்தன. ஒன்றைக் கொழை ஒடிக்க ஆளில்லாமல் விற்றது. ஒன்று குட்டி போட்டு நின்றது. “ஓசியில குடுத்தா இப்பிடித்தான் வித்துத் தின்பாக” என்று ஊருக்குள் பேசினார்கள். பேசியவர்களுக்குத் தோப்பு இருந்தது.

இப்போது இரண்டாவது கூட்டத்துக்கு வருகிறேன். ஒரு தோழர், நான் மதிக்கிறவர், என்னிடம் கேட்டார்: “நீங்க படிச்சு வெளிய வந்துட்டீங்க. மத்த புள்ளைங்க மட்டும் ஆடு மேய்க்கணுமா? மேய்ச்சல் உரிமைன்னு கேட்டா நம்மள நாமளே பழைய எடத்துல கட்டிப்போடுற மாதிரி ஆகாதா?”

இது சாதாரணக் கேள்வி இல்லை. கொத்தடிமை முறையை ஒழித்தது 1976ல். அதற்கு எத்தனையோ வருசம் கழித்தும் தஞ்சாவூர்ப் பக்கம் கிடை போடப் போன ஆட்டு மந்தைகளில் அடகுவைக்கப்பட்ட சின்னப் பையன்களை மீட்டுக் கொண்டுவந்தார்கள். சில ஆயிரம் ரூபாய்க்கு அப்பனாத்தா விட்டுவிட்டுப் போன பிள்ளைகள். தலித் பிள்ளைகளும் பழங்குடிப் பிள்ளைகளும். அந்தப் பையனிடம் போய் ஆடு மேய்ப்பது பாரம்பரிய அறிவு என்று பேசினால் அது அயோக்கியத்தனம். இயற்கை வேளாண்மை பேசுகிற சிலர் அப்படித்தான் பேசுகிறார்கள். கிராமம் அழகு, ஆட்டுப்பட்டி அழகு என்று படம் பிடிக்கிறார்கள். கிராமம் யாருக்கு என்னவாக இருந்தது என்று அம்பேத்கர் சொன்ன பிறகும் இவர்களுக்கு உறைக்கவில்லை.

ஆனால் தோழரிடம் நான் சொன்னது: அந்தப் பையன் மேய்த்தது யாரு ஆட்டை? என் பாட்டன் மேய்த்தது யாரு மாட்டை? அப்பத்தா மேய்த்தது யாரு குட்டியை? மூன்றையும் ஒரே சொல்லால் சொல்வதுதான் நாம் செய்கிற தப்பு. முதல் ரெண்டும் அடிமைத்தனம். மூன்றாவதில்தான் நான் படித்தேன். வேலையில் இழிவில்லை, வேலைக்கும் உடைமைக்கும் நடுவில் போட்ட வேலியில்தான் இழிவு. நான் என் மகனை ஆடு மேய்க்கச் சொல்லமாட்டேன். ஆனால் மேய்க்க விரும்புகிறவள் திருடியைப் போலப் பதுங்கிப் பதுங்கி மேய்க்கக்கூடாது என்று சொல்வேன். விடுவதற்கும் உரிமை வேண்டும், வைத்துக்கொள்வதற்கும் உரிமை வேண்டும். எதுவுமே இல்லாதவன் விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது விடுதலை அல்ல, வெளியேற்றம்.

தோழருக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

1892ல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கையை ஒட்டி ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள் யார் கைக்குப் போயின என்று நம் ஏடுகள் எவ்வளவோ எழுதிவிட்டன. மேய்க்கால் புறம்போக்கு எங்கே போயிற்று என்று நாம் எழுதியது குறைவு. அது சேரிக்கென்று எழுதிவைத்த நிலம் இல்லை, ஊர்ப் பொது. ஊர் என்றால் சேரி இல்லை என்பதால் நாமும் அதை நம்முடையதாக நினைக்காமல் விட்டுவிட்டோம். 2011 சனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊர்ப்பொது நிலத்து ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்னது. நிலமற்ற கூலிகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் முறையாகக் குத்தகைக்குக் கொடுத்திருந்தால் அது விதிவிலக்கு என்றும் சொன்னது. இந்த விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டு மேய்ச்சலுக்குக் கூட்டுக் குத்தகை கேட்க முடியும் என்று நினைக்கிறேன். பாதுகாக்கப்பட்ட நிலமாக இருந்தாலும் எந்த மாதம், எத்தனை ஆடு என்று உட்கார்ந்து பேசலாம். அப்படிப் பேசும்போது இருநூறு ஆடு வைத்துக்கொண்டு ஏழை பேரைச் சொல்லி நுழைகிறவனையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பொதுமேய்ச்சல் என்றால் அவன் மந்தைதான் முதலில் வரும். பத்து ஆட்டுக்குக் கீழே வைத்திருப்பவர்கள், நிலமில்லாதவர்கள், பொம்பளைகள், இவர்களுக்குப் பிறகுதான் மற்றவர்கள். ஆட்டுக்கொல்லிக்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போடுகிறவர் சேரிவரைக்கும் நடந்து வரவேண்டும். ஊர் மந்தையில் மேசை போட்டு உட்கார்ந்துகொண்டு ஓட்டிவரச் சொல்லக்கூடாது.

ஆத்தாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. முட்டி வலி. இன்னும் நாலு ஆடு வைத்திருக்கிறது. விற்றுவிடு, நான் பணம் அனுப்புகிறேன் என்றால், “ஒம் பணம் ஒம் பணம்” என்னும். போன மாதம் போன் செய்தது. வடக்கே இருக்கிற உடங்காட்டில் யாரோ கல் ஊன்றிவிட்டார்களாம். மனை போடுவதற்கா, மரம் நடுவதற்கா, அரசாங்கமா, தனியாரா, ஒன்றும் தெரியவில்லை.

போனேன். திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதினோம். தெருப் பொம்பளைகள் பதினோரு பேர் கைநாட்டும் கையெழுத்துமாகப் போட்டார்கள். மனுவில் நிலத்தின் சர்வே எண் எழுதவேண்டும். யாருக்கும் தெரியவில்லை. ஆத்தா சொல்லுச்சு: “எண்ணு என்னத்துக்குய்யா? நாவமரத்துக்குக் கிழக்க, பழைய கெணத்துக்கு மேக்க, உடை நிக்கிற மட்டும்னு எழுது.” அப்படியே எழுதினேன். சர்வே எண் என்ற இடத்தைக் காலியாக விட்டு, திங்கட்கிழமை குறைதீர் நாளில் இராமநாதபுரத்தில் கொடுத்துவிட்டு வந்தோம். ரசீது ஆத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.